ஒரு தலை கூடுதல்

முதலில் சத்தம்தான் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டால் பின்சக்கரம் தன்பாட்டுக்கு ஓடி ஓய்கிற ‘கிர்ர்ர்’ உண்டே, அந்தச் சத்தம். ஆனால் மேலிருந்து, மேகத்துக்குள் உட்கார்ந்து யாரோ பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. கீழச்செம்புலத்தார் மூன்று நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. நான்காம் நாள் காலை, தபால்காரர் சடையப்பன் பிள்ளையார் கோயில் முக்கில் தெற்கே திரும்புகிற நேரத்தில், செங்கல் நிறத்தில், கரிச்சானைவிடக் கொஞ்சம் பெரிய பறவை ஒன்று இறங்கி, அவர் உச்சந்தலையில் ‘தக்’கென்று ஒரு கொத்து கொத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. சடையப்பன் தலையைத் தடவிக்கொண்டு, தெற்கே திரும்பாமல் நேராக நடந்து, டீக்கடைக்குள் நுழைந்து, பெஞ்சில் இருந்தவர்களிடம் கொஞ்சம் வழி விடுங்கப்பா என்று மரியாதையாகக் கேட்டு, பாய்லருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அவருக்குத் திரும்ப வரவில்லை. இடமும் வரவில்லை, வலமும் வரவில்லை. முன்னால் போகலாம், நிற்கலாம், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஊரில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று இது. இன்னொன்று, முடிதிருத்துகிற பிச்சையாவின் வீட்டில் பெண்குழந்தை பிறந்தது. ஊர் இரண்டையும் ஒரே மாதிரி விசாரித்தது: நல்லா இருக்காகளா, சாப்பிட்டாகளா.

வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று கொத்து விழுந்துகொண்டே இருந்தது. கொத்துப்பட்டவருக்குச் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும், வாய்ச்சண்டைகூட முன்னைவிட நன்றாக வரும். திரும்ப மட்டும் வராது. ஏழு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பாயில் தானாகப் புரண்டு படுப்பார். அன்றைக்கு அவர் வீட்டில் பாயசம். அந்த ஏழு வருஷமும் அந்தத் தலையைப் பறவை ஏறிட்டும் பார்க்காது. வனத்துறையிலிருந்து வந்த அதிகாரி, இந்தப் பறவை பட்டியலில் இல்லாததால் இங்கேயும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தலையில் பிரம்புக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஜீப் ஏறினார். ஊர் தன் வேலையைப் பார்த்தது. சடையப்பனின் வீட்டுக்கும் தபாலாபீசுக்கும் நடுவே நேர்கோட்டில் இருந்த ஆறு வீடுகளிலும் முன்வாசலுக்கு நேரே பின்வாசல் இடித்து வைத்தார்கள். முக்குக்கு முக்கு ஊராட்சி ஆள் போட்டது. நேராக வருகிறவரைத் தோளில் பிடித்து, எங்கே போகணும் அண்ணாச்சி என்று கேட்டு, அந்தத் திசைக்குத் திருப்பிவிடுகிற வேலை. திருப்பி என்று அந்த வேலைக்குப் பெயர் வந்தது. கோயிலில் பிரகாரம் சுற்ற முடியாதவர்களை வரிசையாக நிற்க வைத்து, சாமியைச் சப்பரத்தில் தூக்கி அவர்களைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சாமிக்கு அதில் ஒன்றும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

எல்லாம் சமாளித்தார்கள், கல்யாணத்தைத் தவிர. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கினியை மூன்று சுற்று சுற்ற வேண்டுமே. சுற்றுகிற தலையைக் கண்டால் அந்தப் பறவைக்கு நாக்கு ஊறும். எங்கே மேளம் கொட்டினாலும் ‘கிர்ர்ர்’ வந்துவிடும். ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டாம் சுற்றில் விழுந்தது. அவன் பாட்டுக்கு மணமேடையிலிருந்து நேராக இறங்கி, முந்தானை முடிச்சில் பெண்ணை இழுத்துக்கொண்டு, சமையல் கொட்டகைக்குள் புகுந்து, சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்கி வழிவிட, அடுத்த ஊர் எல்லையில் போய்த்தான் நின்றான். திருச்செந்தூரில் போய் மண்டபம் பிடித்து நடத்திப் பார்த்தார்கள். பறவை அதே பஸ்சின் மேல்கூரையில், பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. சுற்று முடியாத கல்யாணம் பாதிக் கல்யாணம். ஏழு வருஷத்துக்கு அவரவர் வீட்டில் அவரவர். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வந்தவர்களையும் ஊர் காபி கொடுத்து வரவேற்று, பாதி என்றே சொன்னது.

பறவை எதைப் பார்த்துக் கொத்துகிறது என்று கண்டுபிடித்தது பிச்சையாதான். கீழச்செம்புலத்தில் தலைகளை மேலிருந்து பார்க்கிற உயிர் இரண்டே: அது, இவர். கொத்துப்பட்ட நூறு தலையையும் அவர்தான் வெட்டிவிட்டார். நூறிலும் உச்சிமயிர் வலப்பக்கமாகச் சுழித்திருந்தது. ஊரில் அன்றைக்குப் பத்துக்கு ஒன்பது பேர் வலஞ்சுழி. இடஞ்சுழிக்காரர்களை அடங்காதவன், விளங்காதவன் என்று சொல்லிச் சொல்லி யாரும் பெண் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. பிச்சையா சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டே இந்தச் சேதியைச் சொன்ன மறுவாரம், முப்பத்தெட்டு வயது வரை பம்புசெட்டு அறையில் படுத்துக் கிடந்த ஓர் இடஞ்சுழிக்காரனுக்கு நாற்பது ஜாதகம் வந்தது. அவன் தலையைக் குனிந்து காட்டுவதற்கே வெற்றிலை பாக்கு கேட்டான்.

இடஞ்சுழி மாப்பிள்ளை, இடஞ்சுழிப் பெண் என்று தேடித் தேடி, சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் கொண்டுவந்து கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணங்களில் பறவை தோரணத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. பிறந்ததெல்லாம் இடஞ்சுழி. பள்ளிக்கூடத்தில் முடிவெட்ட வரிசையில் நிறுத்தினால் வரிசை முழுவதும் ஒரே பக்கம் சுழிக்கிற குட்டித்தலைகள். பதினான்காம் வருஷம் ஒரு புதன்கிழமை, சந்தைக்குக் கிளம்பிய ஓர் இடஞ்சுழிக்காரர் உச்சியில் ‘தக்’ விழுந்தது. அவர் நேராகக் குளத்துக்குள் நடந்தார்.

“பாத்தியளா, கட்சி மாறிட்டு!” என்றார் ஊராட்சித் தலைவர் லெச்சுமணப்பெருமாள். இடஞ்சுழிக்காரர்தான் அவரும். “சாப்பிட்ட வீட்டுக்கே துரோகம் பண்ணுது அண்ணாச்சி இது.”

“அது எங்க மாறிச்சு,” என்றார் பிச்சையா. “நாமதான் மாறிட்டோம். எது கூடக் கெடக்கோ அதத்தான் அது கொத்துது. அன்னைக்கு வலது கூட. இன்னைக்கு இடது கூட.”

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்கிறபோதெல்லாம் ஊருக்கு ஏதாவது நடக்கும். “அப்பம் ஒண்ணு பண்ணுவோம். வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். எல்லாருமா ஒண்ணுபோல மொட்டை போட்டுக்கிடுவோம். ஒத்துமையா நின்னா அதுக்கு என்ன தெரியும்?”

பிச்சையா வேண்டாம் என்றார், தலைவர் கேட்கவில்லை. மூன்று நாளில் ஊரையே மழித்தார். விரல் மடக்க முடியாத அவருக்கு மனைவி செண்பகம் சோறு ஊட்டிவிட்டாள். நான்காம் நாள் சந்தனம் பூசிய ஆயிரம் மொட்டைகள் வெயிலில் மினுமினுக்க, பறவை தண்ணீர்த் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஊரில் இப்போது எது கூட? மொட்டை. அன்று ஒரே நாளில் பதினொரு கொத்து. பதினொன்றாவது தலைவருக்கு. மழிக்க மறுத்து ஓடிப்போய்ப் பனங்காட்டில் ஒளிந்திருந்த இரண்டு குடிகாரர்கள் முடியை ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்தார்கள். பறவை அவர்களுக்கு வழி விட்டது.

பிறகு வலஞ்சுழிக்கு மவுசு வந்தது. வலது ஏறியது, இடது இறங்கியது. இடது ஏறியது, வலது இறங்கியது. குறைவாக இருப்பதுதான் பாதுகாப்பு; பாதுகாப்பாக இருப்பதாலேயே அது பெருகும்; பெருகிவிட்டால் பாதுகாப்பு போயிற்று. ஆட்டிவிட்ட ஊஞ்சல் வேகம் குறைந்து குறைந்து வருவதுபோல் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் சுருங்கி, இருபத்தாறாம் வருஷத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிபாதியாக நின்றது. பிச்சையா எண்ணிக்கை வைத்திருந்தார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பிறந்தமுடி எடுத்தது அவர் கை. மருமகளாக வந்த பெண்களின் சுழியைக் குளத்துப் படித்துறையில் பார்த்து வந்து செண்பகம் சொல்லிவிடுவாள். கொத்துப்பட்டவர்களைக் கழித்துவிட்டு, தினமும் காலையில் கடை திறக்கும்போது கண்ணாடியின் மூலையில் சோப்பால் இரண்டு எண் எழுதுவார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, பறவை விடியற்காலையிலிருந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து, மறுபடி இடப்பக்கம் சாய்த்து, பசியோடு அப்படியே கிடந்தது. கீழே ஒரு காதுகுத்து விசேஷம் மேளத்தோடு சுற்றிச் சுற்றிப் போனது, இறங்கவில்லை. சாயங்காலப் பஸ்சில் வெளியூர்க்காரர் ஒருவர் இறங்கினார், உடனே பறவை இறங்கி அவரைக் கொத்தியது. ஓகோ, இரண்டும் சமமாக இருந்தால் அதற்குக் கை ஓடாது என்று பிச்சையாவுக்குப் புரிந்தது. ஆனால் அவர் எழுதி வைத்திருந்த எண்களில் அன்றைக்கு ஒரு தலை இடித்தது. செத்துப்போன யாரையோ சேர்த்துவிட்டோம் போல என்று துடைத்துவிட்டார்.

அந்த வருஷம்தான் அவர் மகள் ஆவுடை வாயைத் திறந்தாள். பறவையோடு பிறந்தவள், பால் சொசைட்டியில் அளக்கிற வேலை. பிள்ளையார் கோயில் முக்குத் திருப்பி நம்பிராசனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். மூன்று வருஷமாக அந்த முக்கில் தினமும் இரண்டு வேளை அவள் திரும்புகிறாள். அவளைத் திருப்பிவிட வேண்டிய அவசியம் இல்லை என்றாலும் அவன் எங்கே போகணும் என்று கேட்பான்.

“எட்டி, அவன் இடஞ்சுழி,” என்றாள் செண்பகம். “நீ வலம். இருவத்தாறு வருசத்துல வலமும் இடமும் சேந்து ஒரு கல்யாணம் நடந்திருக்கா? ரெண்டுல ஏதாவது ஒண்ணு கூடத்தான இருக்கும்? ஒண்ணு அவன் கொத்துப்பட்டு நேரா நடப்பான், இல்ல நீ நடப்ப.”

“ரிஜிஸ்டர் பண்ணிருவோமா தாயி?” என்றார் பிச்சையா.

“எப்பா, ஊருக்கெல்லாம் முழுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சவரம் பண்ணிட்டு, ஒம்ம மகளுக்குப் பாதிக் கல்யாணமா? எனக்கு மூணு சுத்து சுத்தணும். இல்லைன்னா ஒண்ணுமே வேண்டாம். நான் இப்படியே பால் அளந்துக்கிட்டுக் கெடக்கேன்.”

அவள் கோபப்படவில்லை. அளவுப்படியைக் கழுவிக் கவிழ்த்துகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். கோபப்பட்டிருந்தால் பிச்சையாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் கடையில் இரண்டு பேருக்கு மீசையைச் சமமில்லாமல் வெட்டினார். மூன்றாம் நாள் நம்பிராசனைக் கூப்பிட்டு, ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொள்வோம் என்றார். அன்றைக்கு ஊரில் இரண்டு சுழியும் தலைக்குத் தலை சமமாக இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“முடியுமா மாமா?”

“நீங்க தாலியை நழுவவிடாமக் கட்டுங்க, போதும்.”

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எண்ணிக்கை நின்ற நிலை: வலஞ்சுழி அறுநூற்று மூன்று, இடஞ்சுழி அறுநூற்று ஒன்பது. ஆறு இடஞ்சுழிக்காரர்களைப் பொறுக்கி, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம் என்று ஆசைகாட்டி, ஒரு வேன் பிடித்து ஏற்றிவிட்டார். ஏன் எங்களை மட்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அதுவரைக்கும் சரி. பிறகு விருந்தாட்கள் வந்தார்கள்.

கல்யாணப் பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்பை யாரிடமும் கொடுக்காமல் பிச்சையாவே பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் தகப்பன் பன்னீர் தெளிப்பது என்ன முறை என்று நம்பிராசனின் அத்தைமார் மூக்கில் விரல் வைத்தார்கள். அவர் எல்லாரையும் குனியச் சொன்னார். “நல்லா குனியுங்க மதினி, உச்சியில படணும், அதுதான் விசேசம்.” ஒரு தலை வலம், ஒரு தலை இடம் என்று இரண்டு கைவிரலிலும் மடக்கிக்கொண்டே வந்தார். வள்ளியூர்க் கூட்டத்தில் நாலு இடம் கூடியது; நாலு பேரைப் பிடித்து, ஐஸ் பெட்டி வாங்கிவரப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார். ஐஸ் பெட்டிக்கு எதற்கு நாலு பேர் என்றவனிடம், ஒருத்தன் தூக்க, மூணு பேர் உருகாமப் பாத்துக்கிட என்றார். மொட்டைத்தலையோடு வந்த பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, முளைவிட்ட மயிரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

ஏழரை மணிக்கு இரண்டும் சமமானது. ஏழு முப்பத்தைந்துக்குச் செண்பகம் ஓடிவந்தாள்.

“ஏங்க, கீழத்தெருவுல அந்தப் புள்ளைக்கு வலி எடுத்து, இப்பம்தான் பெறந்திருக்காம்!”

“என்ன கொழந்தை?”

“வலம்.”

“ஆணா பொண்ணானு கேட்டேன்.”

“அத யாரு பாத்தா?”

பிச்சையா சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் வரிசையில், திருப்பம் திரும்பி வந்து ஐந்து வருஷமான லெச்சுமணப்பெருமாள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடம், உதவாது. பக்கத்தில் அவர் மச்சான், வலம். அவரைத் தனியே கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று, பந்தலைப் பார்த்துக் கையசைத்தார்.

“என்ன வே சொன்னீரு?” என்றார் தலைவர்.

“அவுக மாமியார் வாராகன்னு சொன்னேன்.”

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. ஆவுடையின் சுண்டுவிரலை நம்பிராசன் சுண்டுவிரலால் கோத்துக்கொண்டான். மேளத்துக்கு மேலே, எல்லாருக்கும் பழக்கமான அந்தப் பின்சக்கரம் ஓடத் தொடங்கியது. கிர்ர்ர். பறவை தொட்டியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். அது எழும்பிவிட்டது.

பிச்சையா மனக்கணக்கை மறுபடி போட்டார். அறுநூற்று மூன்று, அறுநூற்று மூன்று, வந்த வலம் இருபத்திரண்டு, வந்த இடம் இருபத்தாறு, ஐஸ் நாலு, குழந்தை ஒன்று, மச்சான் ஒன்று. எங்கே இடிக்கிறது? பந்தலின் மூலையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள்; பறக்கிற கேமராவை வீடியோக்காரன் பந்தலுக்குள்ளேயே மேலே ஏற்றியிருந்தான். திரையில் கல்யாணக் கூட்டம் முழுவதும் வெறும் உச்சந்தலைகளாகத் தெரிந்தது. பிச்சையா அவசரமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் பார்த்து அறிகிறவர்களைவிட அவர் நன்றாக அறிவார். இது தலைவர், இது வள்ளியூர் மதினி, இது மேளக்காரரின் வழுக்கை. வாசலருகே ஒரு தலை. அடர்த்தி குறைந்து, நரை படர்ந்து, பின்னால் சீராக வெட்டாத தலை. அவர் அதைப் பார்த்ததே இல்லை. யாருடைய தலை இது, எப்படி உள்ளே வந்தது, நான் பன்னீர் தெளிக்காமல் யார் வந்தது என்று திகைத்து நின்றார். அந்தத் தலைக்குக் கீழே ஒரு கை பன்னீர்ச் செம்பைப் பிடித்திருந்தது.

ஊரையே எண்ணியவர் தன்னை எண்ணவில்லை. முப்பது வருஷமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்தான். ஆனால் குனிந்தால் உச்சி கண்ணாடிக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சுழி எந்தப் பக்கம் என்று அவர் கூர்ந்து பார்ப்பதற்குள் கேமரா மணமேடைப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனால் என்ன. மற்றவர்களெல்லாம் சரிசமம் என்றால், நான் வலமாக இருந்தால் வலம் ஒன்று கூட; இடமாக இருந்தால் இடம் ஒன்று கூட. எப்படிப் பார்த்தாலும் கூடுதலாக நிற்கிற ஒரு தலை என் தலை.

மேடையில் முதல் சுற்றுக்கு ஆவுடை வலதுகாலை எடுத்து வைத்தாள்.

எல்லைக்கல் எட்டுகிற தூரத்தில் இல்லை. பிச்சையா செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே ஓடினார். வெட்டவெளிக்கு வந்து, தோள்துண்டை வீசிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஐம்பத்தேழு வயதில், பட்டுவேட்டியில், செம்மண் கிளம்ப, சின்னப்பிள்ளைகள் தலைசுற்றி விழுவதற்காகச் சுற்றுவார்களே அப்படி, வானம் சுற்ற, தண்ணீர்த் தொட்டி சுற்ற, பந்தல் சுற்ற, இங்க பாரு, இங்க பாரு, இவ்வளவு நல்லா அங்க யாரும் சுத்தலை, இங்க வா என்று கத்திக்கொண்டே சுற்றினார். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த சந்தோசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

‘தக்.’

உலகம் நின்றது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஒரு மயிரை மட்டும் பிடுங்கினாற்போல. கடைசியாக அவர் முகம் நின்ற திசை கிழக்கு. பந்தல் முதுகுக்குப் பின்னால். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடலாம் என்று கழுத்தை அசைத்தார். கழுத்துக்கு அந்தச் சொல் புரியவில்லை. கால்கள் நடக்கத் தொடங்கின. பின்னால் ஒரு குலவை எழுந்தது, ஒன்று. சைக்கிள் சத்தம் ஓய்ந்து, தொட்டியின் தகரத்தில் நகம் பட்டது கேட்டது. இன்னொரு குலவை, இரண்டு. பிள்ளையார் கோயில் முக்கு வந்தது. திருப்பிவிட அங்கே யாரும் இல்லை, அந்த வேலைக்காரன் மணமேடையில் இருந்தான். பிச்சையா முக்கைக் கடந்து, சடையப்பனுக்காக வாசல் இடித்த வீடொன்றின் முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வெளியேறியபோது, மூன்றாவது குலவை ரொம்பத் தூரத்தில், நீளமாக, யாரோ மூச்சு விடாமல் இழுத்துக் கொடுத்த மாதிரி கேட்டது. அவர் நடந்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கத் திரும்ப வேண்டியதில்லை.

மத்தியானம், பக்கத்து ஊர் அரிசி ஆலையின் பின்சுவரில் மூக்கு இடிக்க நின்றுகொண்டிருந்தவரைத் தேடி இரண்டு வண்டிகளில் வந்தார்கள். நம்பிராசன் கழுத்து மாலையோடு இறங்கி, வேலைப்பழக்கத்தில் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டான்: “எங்க போகணும் மாமா?”

“கொஞ்சம் பொறுங்க மாப்ளே. மொதல்ல அவ நிக்கற பக்கம் திருப்புங்க.”

திருப்பினான். ஆவுடை நெற்றியெல்லாம் அட்சதையோடு நின்றாள். தகப்பனின் சட்டையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

“மூணும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா.”

“நீரு என்ன சுழின்னு எனக்கு முப்பது வருசமாத் தெரியும்,” என்றாள் செண்பகம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “மாசாமாசம் பொறவாசல்ல ஒக்கார வச்சு வெட்டிவிடுதது யாரு? உம்மையும் சேத்துத்தான் எண்ணுதீருன்னு நெனச்சேன், கூறுகெட்ட மனுசா. ஏழு வருசம்! நான் ஒருத்தி திருப்பித் திருப்பி வைக்கணும்.” அழுகையில் ஆரம்பித்தது பாதியில் சிரிப்பாகி, மறுபடி அழுகையானது.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை நம்பிராசன் வேலைக்குப் போகிற வழியில் மாமனாரைக் கொண்டுவந்து, நாற்காலியைப் பார்த்தாற்போல நிறுத்திவிட்டுப் போனான். சுற்றிவந்து வெட்ட முடியாது என்பதால் வெட்டிக்கொள்கிறவர்தான் காலைத் தரையில் உந்தி நாற்காலியைச் சுழற்ற வேண்டும். முதல் ஆளாக லெச்சுமணப்பெருமாள் வந்து உட்கார்ந்து, உந்தத் தெரியாமல் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தார்.

“வே பிச்சையா, அப்பம் உமக்கு எந்தச் சுழிதான்? உம்ம வீட்டம்மா சொன்னாகளா?”

“சொல்ல வந்தா. நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏம்வே?”

பிச்சையா சோப்பு டப்பாவைத் திறந்தார். சின்னக் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி, பிரஷ்ஷை நனைத்து, சோப்பில் நுரை எழும்பும்வரை தேய்த்தார்.

“கொஞ்சம் வலப்பக்கமா உந்தும் அண்ணாச்சி,” என்றார். “இன்னும் கொஞ்சம். போதும், அங்கனயே இரும்.”